ஒரு சாண் இடப்பக்கம்

நெட்டைக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட அன்று அவள் கனமான எதையும் தூக்கவில்லை. கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தாள், அவ்வளவுதான். குனிந்தவள் நிமிரவில்லை. காலை ஒத்திகை முடிந்து எல்லோரும் வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்த நேரம். பின்வரிசையில் முரசு வாசிக்கிறவர், "என்ன நெட்டை, எதைத் தொலைச்சே? உன் உயரத்துக்குத் தரை கண்ணுக்குத் தெரியறதே பெரிசு" என்று சிரித்தார். பக்கத்தில் வந்து பார்த்தால், அவள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

அவளைக் கைத்தாங்கலாக நிமிர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தது அண்ணி.

அண்ணி என்றால் நெட்டையின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவன் போன பிறகும் இரண்டு பெண்களும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரே பேருந்தில் வேலைக்கு வந்தார்கள். ஒரே நாடக அரங்கில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஒரே வாத்தியத்தை வாசித்தார்கள். "நாத்தனாரோட ஒரே வீட்டுல இருக்கிறதுகூடப் பெரிசில்லை. அவளோட சுருதியும் சேரணும் பாருங்க, அதுதான் தண்டனை" என்று அண்ணி எல்லோரிடமும் சொல்வாள். "அண்ணி முதல்ல சேரட்டும், தண்டனையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பாள் நெட்டை.

அவர்கள் வாசித்தது செல்லோ. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் இழுத்து வாசிக்கிற பெரிய தந்தி வாத்தியம். ஆளுயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். உட்கார முடியாதவர்களுக்கு அந்த வாத்தியம் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை உங்களுக்கு விளக்கிச் சொல்லிவிடுகிறேன். மேடைக்கு முன்னால் தரையை வெட்டி இறக்கிய நீளமான குழி ஒன்று இருக்கும். வாத்தியக்காரர்கள் பதினான்கு பேரும் அதற்குள்தான் உட்கார வேண்டும். ஒரு குடையை விரிக்க இடமிருக்காது. அதனால் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. இசை எழுதிய தாள் அதன்மேல் இருக்கும். வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தைப் புரட்டுவார். இடப்பக்கம் இருப்பவர் வில்லை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருப்பார். ஸ்டாண்டு இருவருக்கும் நட்டநடுவில் நிற்கும். எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம்.

இவர்கள் ஸ்டாண்டு நடுவில் நிற்கவில்லை. ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி, அண்ணியின் இடது தோளுக்கு எதிரே நின்றது. நான்கு வருடமாக.

அண்ணிக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வந்தது. நேராகப் பார்த்தால் எழுத்தின்மேல் யாரோ எண்ணெய் விரலை வைத்துத் தேய்த்துவிட்ட மாதிரி இருக்கும். பார்வையைக் கொஞ்சம் வலப்பக்கம் ஓட்டி, இடது ஓரத்தால் பார்த்தால் தெரியும். அப்படிப் பார்க்க ஸ்டாண்டு கிட்டத்திலும் இடப்பக்கத்திலும் இருக்க வேண்டும். ஒருநாள் ஒத்திகைக்கு முன் அண்ணி காலால் அதை மெல்ல நகர்த்தினாள். நெட்டை பார்த்தாள். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அண்ணியே சொன்னாள்.

"கண் டாக்டர்கிட்ட போயிருந்தேன். இது சரியாகாதாம். மெதுவாப் போகுமாம். எவ்வளவு மெதுவான்னு அவருக்கும் தெரியாதாம்."

"வேற யாருக்குத் தெரியும் அண்ணி?"

"உனக்குத்தான் சொல்றேன். குச்சிக்காரர் காதுல விழுந்தா மறுநாளே என்னை வீட்டுல உட்கார வச்சிடுவார். வீட்டுல உட்கார்ந்து நான் என்ன செய்ய? உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருக்கவா? அதுவும் தெரியாதே."

கையில் மெல்லிய குச்சியோடு முன்னால் நின்று எல்லோரையும் வாசிக்க வைக்கிறவரைத்தான் அவர்கள் குச்சிக்காரர் என்பார்கள்.

"ஒரு சாண்தானே" என்றாள் நெட்டை. "நெட்டையாப் பிறந்தவ, எட்டிப் பார்த்துக்கறேன்."

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், அவள் இடுப்புக்கு மேலே இடப்பக்கம் திரும்பியே உட்கார்ந்தாள். பக்கம் புரட்ட வேண்டியதும் அவள்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு குறுக்கே கையை நீட்ட வேண்டும். உடம்பு பாவம், நான்கு வருடம் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் புது நாடகம் வந்தது. இடைவேளையே இல்லாமல் இரண்டே முக்கால் மணி நேரம். ஏழு வாரத்தில் அரங்கேற்றம். "அவ்வளவு நேரம் உட்கார முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க. கடைசி வாரத்துல வந்து முடியலைன்னா நான் வேற ஆளைத்தான் போடணும்" என்று குச்சிக்காரர் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தார். அவர் நல்லவர். மிரட்டுகிற ஆள் இல்லை.

நெட்டை பிசியோவிடம் போனாள். சின்னப் பெண், கை மட்டும் இரும்பு. முதுகை அழுத்திப் பார்த்தாள், படுக்க வைத்து இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை நெருப்பு ஓடியது.

"எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்குக்கா. அது பிதுங்கி நரம்பைத் தொடுது. இப்போ பிடிச்சா மேற்கொண்டு கெட்டுப்போகாம நிறுத்திடலாம். விட்டீங்கன்னா கால் மரத்துப்போகும். அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது. அடுத்த தடவை வாத்தியத்தோட வாங்க. எப்படி உட்கார்றீங்கன்னு பார்க்கணும்."

நெட்டை வாத்தியத்தோடு போனாள். அந்த அறையில் ஒரு ஸ்டாண்டு வைத்திருந்தார்கள். நேராக, நட்டநடுவில். அவளும் அதற்கு எதிரே நேராக உட்கார்ந்து வாசித்தாள். பிசியோ அவளை இரண்டு தடவை சுற்றி வந்தாள்.

"தோள் சரியா இருக்கு. தலை சரியா இருக்கு. இப்படித்தான் வேலையிலயும் உட்கார்றீங்களா?"

"இப்படித்தான்."

"அப்படின்னா இவ்வளவு வலிக்கக் கூடாதே."

வைத்தியம் செய்ய வந்தவளிடம் பொய் சொல்லக் கூடாதென்று நெட்டைக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஸ்டாண்டைப் பற்றிச் சொன்னால், ஏன் அப்படி வைக்கிறீர்கள் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் அவளுடையது இல்லை. அண்ணியுடையது.

அதனால் பிசியோ குற்றமில்லாத நாற்காலியைத் திருத்த ஆரம்பித்தாள். நெட்டையின் உயரத்துக்கு நாற்காலி தாழ்வு. முழங்கால் இடுப்பைவிட மேலே வந்தால் முதுகு தானாக வளையும். அதனால் பின்கால்கள் இரண்டுக்கும் அடியில் மரக்கட்டை. உட்காரும் பலகை முன்பக்கம் சாயும், முழங்கால் தாழும். முதுகைப் பின்னால் சாய்க்காமல் நாற்காலியின் முன்பாதியில் உட்கார வேண்டும். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில். வாத்தியத்தின் அடியில் ஊன்றுகிற கம்பியை இன்னும் இரண்டு விரல் நீட்டினால் வாத்தியம் அவளிடம் வரும். அவள் வாத்தியத்தை நோக்கிக் குனிய வேண்டாம். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து நாலடி நடக்க வேண்டும். நீள வில் இழுக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் விட வேண்டும். எல்லாமே சரியான அறிவுரைதான். என் கண்ணுகளா, நீங்களும் இதைச் சரிந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளுங்கள். கதை எங்கேயும் போய்விடாது.

நெட்டை ஒன்றையும் விடாமல் செய்தாள். முரசுக்காரர் கட்டைகளைப் பார்த்து, "நீ வளர்ந்தது போதாதுன்னு நாற்காலிக்கும் குதிகால் செருப்பு வாங்கிட்டியா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சரியாக வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசியில் இடுப்பை இடப்பக்கம் முறுக்கி வாசித்தாள். மூன்று வாரத்தில் வலி முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கியது.

அண்ணி வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். "எலும்பா இது, அரிவாள்மணையா? கையைக் கிழிக்குது" என்பாள். முதுகு ஏன் வலிக்கிறது என்று அவள் யோசிக்கவே இல்லை. நெட்டை அப்படி யோசிக்க விடவும் இல்லை. வயசாகுது அண்ணி, உயரம் அண்ணி, நாற்காலி அண்ணி என்று ஏதாவது சொல்லிவைத்தாள்.

நான்காவது வாரம் பிசியோ அரங்குக்கே வந்துவிட்டாள். சொல்லிவிட்டு வரவில்லை. "நான் சொன்னதெல்லாம் செஞ்சும் ஏன் குறையலைன்னு எனக்குத் தூக்கமே வரலைக்கா, அந்த நாற்காலியை ஒரு தரம் பார்த்துட்டுப் போறேன்" என்று குழியின் படியில் இறங்கினாள். இறங்கும்போதே நின்றுவிட்டாள். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நெட்டையின் இடுப்பு ஒரு திசையில், மார்பு ஒரு திசையில் இருந்தது.

அந்தப் பாட்டு முடியும்வரை காத்திருந்து, நேரே போய் ஸ்டாண்டைப் பிடித்து நடுவில் வைத்தாள்.

"அக்கா, தப்பு நாற்காலியில இல்லை. இதுதான்."

அண்ணி தன் வில்லின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி வச்சிருக்கீங்க?"

"கொஞ்ச நாளா" என்றாள் நெட்டை.

பிசியோ குச்சிக்காரரைக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். இன்னும் ஆறு மாதம் இப்படித் திரும்பி உட்கார்ந்தால் வாசிப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்றாள். குச்சிக்காரர் பதறிப்போனார். "முதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே சரி பண்ணியிருப்பேனே. உங்க முதுகைவிட ஒரு ஸ்டாண்டா பெரிசு?" என்று அப்போதே ஆள் வைத்துச் சுவரோரம் குவிந்திருந்த பழைய உறைகளை அப்புறப்படுத்தினார். அந்த மூலையில் ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாண்டு. நெட்டைக்கே நெட்டைக்கு. அண்ணியின் பக்கத்தில், கணக்கு என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் வந்து உட்கார்ந்தார். அவரும் செல்லோதான். வாசிக்காமல் நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார், அதனால் கணக்கு.

"வேண்டாம் சார், நான் இங்கேயே..." என்று நெட்டை ஆரம்பித்தாள்.

"போ" என்றாள் அண்ணி. "எனக்கும் கொஞ்சம் காத்து வரும்."

அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நெட்டைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் அண்ணி திரும்பினாள்.

"நாலு வருஷம்டி. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"அதனாலதான் வலிக்குதுன்னு எனக்கே..."

"பொய் சொல்லாதே. கண்ணுதான் போச்சு, காது இருக்கு."

நெட்டை சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். "நாளைக்குக் குச்சிக்காரர்கிட்ட சொல்லிட்டுப் பழைய இடத்துக்கே வந்துடறேன் அண்ணி."

"வந்து? உன் கால் மரத்துப்போகும். என் கண்ணு எப்படியும் போகும். ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு இருப்போமா?"

"திட்டறது இப்பவும் நடக்குதே."

அண்ணி சிரிக்கவில்லை. நெட்டையின் அருகில் தரையில் உட்கார்ந்து சொன்னாள்: "மனப்பாடம் பண்ணிடறேன். முழு நாடகத்தையும். தாளே வேண்டாம். நீ வாசிச்சுக் காட்டு, நான் காதுல வாங்கிக்கறேன். கணக்கு பக்கம் புரட்டினா எனக்கென்ன, புரட்டாட்டி எனக்கென்ன."

அறுபத்து நாலு பக்கம். மூன்று வாரம் மிச்சம்.

அதைத்தான் செய்தார்கள். காலையில் பேருந்துக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம். நெட்டை நாற்காலியின் அடியில் கட்டை வைத்து, பாதத்தை ஊன்றி, ஸ்டாண்டை நேராக வைத்து, முதுகு அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்து நாலு நாலு வரியாக வாசித்தாள். அண்ணி எதிரே கண்ணை மூடிக்கொண்டு திருப்பி வாசித்தாள். இருபத்தைந்து நிமிடத்துக்கு அலாரம் அடிக்கும். நெட்டை அதை அணைத்துவிட்டு அடுத்த வரியைத் தொடங்குவாள். அண்ணி, "எழுந்து நட" என்பாள். "இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு" என்பாள் இவள். பக்கம் முடிந்தால் அடுத்த பக்கம் இருந்தது.

உட்கார்ந்த விதத்தில் இப்போது ஒரு பிழையும் இல்லை. அரங்கில் ஐந்து மணி நேரம், வீட்டில் நாலரை மணி நேரம். சரியாக உட்கார்ந்தாலும் ஒன்பதரை மணி நேரம் என்பது ஒன்பதரை மணி நேரம்தான் என்று அந்த முதுகுக்குத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டாவது நாள் பேருந்திலிருந்து இறங்கி நாலடி நடந்த பிறகு, பின்னாலிருந்து யாரோ, "அம்மா, உங்க செருப்பு" என்று கூப்பிட்டார்கள். இடது கால் செருப்பு பேருந்துப் படியிலேயே கிடந்தது. கழன்றது நெட்டைக்குத் தெரியவில்லை. வெறுங்காலால் சரளைக்கல்லில் நடந்ததும் தெரியவில்லை. அண்ணிக்கும் தெரியவில்லை, அவளுக்குத் தரை என்பது சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று. "என்னடி?" என்றாள். "ஒண்ணுமில்லை, வார் லூசு" என்றாள் நெட்டை.

அன்று அவர்கள் நாற்பத்தோராவது பக்கத்தில் இருந்தார்கள். ஒத்திகையும் அதுவரைதான் வந்திருந்தது. அண்ணி அதுவரை ஒரு சுரம் தவறாமல் வாசித்தாள். ஒத்திகையில் கணக்குகூட, "அக்கா, தாளைப் பார்க்கவே மாட்டேங்கறீங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் காலை குச்சிக்காரர் ஒரு கத்தைத் தாளோடு வந்தார். நாடகம் நீளமாக இருக்கிறதாம். இருபத்தேழாம் பக்கத்தில் எட்டு வரியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் புதிதாக இரண்டு வரி. தாளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, "எழுதினது எழுதினபடி ஒரு தடவை போகலாம்" என்று குச்சியைத் தூக்கினார்.

சுவரோரத்திலிருந்து நெட்டை எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அண்ணிக்கும் நடுவில் இப்போது ஐந்து பேர்.

அந்த இடம் வந்தது. பதின்மூன்று பேர் புது வரிக்குத் தாவினார்கள். ஒரே ஒரு செல்லோ மட்டும் பழைய வரியில், அழுத்தமாக, அழகாகப் போனது. குச்சிக்காரர் நிறுத்தினார். "அக்கா, எட்டு வரி இல்லை. புதுத் தாளைப் பாருங்க." மறுபடி தொடங்கினார். அண்ணி அந்த இடத்தில் வில்லை நிறுத்தினாள்; பிறகு தப்பான இடத்தில் சேர்ந்தாள். கணக்கு எண்ணுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். மூன்றாவது தடவையும் அப்படித்தான்.

குச்சிக்காரர் தான் நிற்கிற திண்டை விட்டு இறங்கி அவளருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "இந்த வரியில முதல்ல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்கக்கா" என்றார். குழி சின்னது. எல்லோருக்கும் கேட்டது.

அண்ணி தாளைப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். காலை நீட்டி ஸ்டாண்டைத் தொட்டாள். பிறகு காலை எடுத்துக்கொண்டாள்.

"வெள்ளையா தாள் இருக்கு தம்பி. அதுல ஏதோ எழுதியிருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியலை."

நெட்டை எழுந்து அவளிடம் போகப் பார்த்தாள். வலது கால் எழுந்தது. இடது கால் அவளுடையதாக இல்லை. வாத்தியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். கணக்குதான் ஓடிவந்து தாங்கினார். இரண்டு பேருடைய இடமும் ஒரே காலைப்பொழுதில் காலியானது.

பிசியோ பஞ்சால் அவள் பாதத்தைத் தொட்டாள். "தெரியுதாக்கா?"

"இல்லை."

"இங்கே?"

"இல்லை."

"நேரா உட்கார்ந்துதானே வாசிச்சீங்க?"

நெட்டை இந்தத் தடவை உண்மையைச் சொன்னாள். எத்தனை மணி நேரம் என்று சொன்னாள். யாருக்காக என்றும் சொன்னாள். அந்தப் பெண் பஞ்சைக் கீழே வைத்தாள். மூன்று மாதம் பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது, அறுவை சிகிச்சை பற்றிப் பெரிய டாக்டர் சொல்வார், உணர்ச்சி திரும்பினாலும் திரும்பலாம் என்றாள்.

அரங்கில் இரண்டு நாற்காலிக்கும் ஆள் போட்டுவிட்டார்கள். குச்சிக்காரர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை.

அடுத்த வாரம் ஒரு முற்பகல். நெட்டை தரையில் விரித்த போர்வையில் மல்லாந்து, இரண்டு கெண்டைக்காலையும் நாற்காலிப் பலகைமேல் போட்டுக்கொண்டு கிடந்தாள். அப்படிக் கிடந்தால்தான் வலி சற்று அடங்கும். அண்ணி தன் வாத்தியத்தை எடுத்து, இன்னொரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அந்த நாடகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். ஸ்டாண்டு இல்லை, தாள் இல்லை. இருபத்தேழாம் பக்கம் வந்தது.

"அந்த எட்டு வரியை எடுத்துட்டாங்க அண்ணி."

"அங்கே எடுத்துட்டாங்க. இங்கே யாரு கேட்கப்போறா?"

எட்டு வரியையும் வாசித்தாள். அதைத் தாண்டியும் வாசித்தாள். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. நாற்பத்தோராம் பக்கத்தின் கடைசி சுரத்தில் வில்லை நிறுத்தினாள்.

"இதுக்கப்புறம் எப்படிப் போகும்?"

"வாசிச்சுக் காட்டினாத்தான் புரியும்."

"எழுந்திருக்காதே."

"இல்லை."

"வாயால சொல்லேன்."

நெட்டை வாயால் பாடிக்காட்டப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் இரண்டு தந்தியை ஒன்றாக இழுத்து வாசிக்க வேண்டும். ஒரு தொண்டையால் ஆகிற காரியமில்லை. மூன்று முறை முயன்று விட்டுவிட்டாள்.

அண்ணி வில்லைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து நாலடி நடந்து வந்து, மறுபடி உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.